பாட்டுக்குக் காசா?

கெல்லிவில்லுக்குப் பெயர் கொடுத்த ஹியூ கெல்லி, 1803-ல் ‘ரோலா’ என்ற கப்பலில் கைதியாக வந்திறங்கியவர். பிற்பாடு மனிதர் திருந்தி, சாராய விடுதி வைத்தார். ஆக, சிட்னியின் வடமேற்கில் நாம் வங்கிக்கு முப்பது வருடம் எழுதிக் கொடுத்துவிட்டு வீடு கட்டிக் குடியேறியிருக்கும் இந்தப் புறநகருக்கு, கப்பலேற்றி அனுப்பப்பட்ட ஒரு குற்றவாளியின் பெயர். யாரும் இதற்காக வெட்கப்படுவதில்லை. மெட்ரோ ஸ்டேஷன் வாசலிலேயே பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பாரம்பரியத்தை நம்மவர்கள் எவ்வளவு பொறுப்போடு காப்பாற்றுகிறார்கள் என்று அறிய வேண்டுமானால், கெல்லிவில்லில் ஏதாவது ஒரு தமிழ் வீட்டின் கராஜுக்குள் போய்ப் பாருங்கள். பாய், பழைய மிக்சி, பிள்ளை மூன்று மாதம் வாசித்த கீபோர்டு, இவற்றுக்குப் பின்னால் ஒரு கறுப்பு ஹார்டு டிஸ்க் இருக்கும். திறந்தால் ‘எம்.எஸ்.வி. ஃபுல்’, ‘ராஜா எய்ட்டீஸ்’, ‘ரகுமான் ஆல்’, ‘பக்தி’, ‘பக்தி நியூ’. ஹியூ கெல்லியின் குற்றப்பத்திரிகை ஒரு தாளில் அடங்கியிருக்கும். இதற்குத் தனிக் கட்டடம் வேண்டும்.

இதுவரை யாரும் கேட்டதில்லை. ஒரு சனிக்கிழமை விருந்தில், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் கேட்டுவிட்டாள். பள்ளியில் பதிப்புரிமை பற்றிப் பாடம் எடுத்தார்களாம். “இந்தப் பாட்டெல்லாம் காசு கொடுத்து வாங்கினதா, அங்கிள்?” அத்தனை அப்பாக்களும் ஒரே நேரத்தில் பார்பிக்யூ அடுப்புப் பக்கம் திரும்பி, கருகாத கோழியைக் கருகிவிட்டதாகச் சொல்லிப் புரட்ட ஆரம்பித்தார்கள். தப்பிக்க வழியில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நான். வேறு வழியில்லாமல் சரித்திரம் சொல்லத் தொடங்கினேன். அரசியல்வாதிகளும் இதைத்தான் செய்கிறார்கள்.

பாட்டுக்குக் காசு கொடுத்து நமக்குப் பழக்கமே கிடையாது. பாணனுக்கு ராஜா கொடுத்தார். ஓதுவாருக்கும் நாதஸ்வரக்காரருக்கும் கோயில் நிலம் கொடுத்தது. கல்யாணக் கச்சேரிக்குப் பெண்ணைப் பெற்றவர் கொடுத்தார், அதுவும் அழுதுகொண்டே. நாம் பந்தலுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு, இரண்டாவது சங்கதி சரியில்லை என்று குறையும் சொல்லிவிட்டு வந்தோம். ஒலிபெருக்கி வந்த பிறகு அந்த நிற்கிற வேலையும் மிச்சம். பனைமரத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கர் ஊருக்கே அள்ளி இறைத்தது, ஊர் வேண்டாமென்றாலும் இறைத்தது. தியாகராஜரையே எடுத்துக்கொள்ளுங்கள். உஞ்சவிருத்தி எடுத்துச் சாப்பிட்ட மனிதர். 1847-ல் போய்ச் சேர்ந்தார். உலகத்தில் எந்த நாட்டுச் சட்டப் புத்தகத்தைப் புரட்டினாலும் அவருடைய கீர்த்தனைகள் சுத்த இலவசம். இப்படிப் பரம்பரை பரம்பரையாக யாரோ ஒருவர் காசு கொடுத்துக்கொண்டே இருந்தார். அந்த யாரோ நாமாக இருக்கவில்லை, அவ்வளவுதான்.

கிராமபோன் வந்துதான் இந்த ஏற்பாட்டைக் கெடுத்தது. 1902 நவம்பரில் பிரெட் கெய்ஸ்பர்க் என்ற ஒலிப்பதிவுக்காரர் கல்கத்தாவில், கௌஹர் ஜான் உள்படப் பலரைப் பாட வைத்துப் பதிவு செய்தார். அந்த அம்மாள் பாட்டு முடிந்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். தட்டு அச்சாக ஜெர்மனியில் ஹானோவருக்குப் போக வேண்டும். அங்கே இருப்பவனுக்கு யார் பாட்டு என்று தெரிய வேண்டுமே. இந்தக் காலத்தில் திருட்டு வீடியோவின் மூலையில் இணையதளத்தின் பெயர் ஓடுகிறதல்லவா, அதற்கு முன்னோடி. கௌஹர் ஜான் மட்டும் நேர்மையாகச் செய்தார்.

தட்டு வந்ததும் பாட்டு ஒரு சாமான் ஆகிவிட்டது. சாமான் என்றால் முதலாளி வருவார். முதலாளி வந்தால் பின்னாலேயே வக்கீல் வருவார். இங்கேதான் நம் கதாநாயகன் மேடையேறுகிறார், தலைப்பாகையோடு.

சுப்பிரமணிய பாரதி கவிதையில் எப்படியோ, வியாபாரத்தில் கோட்டை விட்டவர். கோட்டை விடும்போதும் பெரிய கோட்டையாகவே விட்டார். 1920-ல் தன் எழுத்தையெல்லாம் 40 புத்தகங்களாக, புத்தகத்துக்கு 10,000 பிரதி வீதம் 4 லட்சம் பிரதி அச்சடிக்கப் போவதாக நண்பர்களுக்குக் கடிதம் போட்டார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் விற்பதைக் காட்டிலும் வேகமாக விற்றுத் தீருமாம். வட்டியோடு திருப்பித் தருகிறேன், கடன் கொடுங்கள் என்று கேட்டார். தமிழ்நாடு வழக்கம்போல மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் மட்டும் வாங்கியது. மறு வருடம் செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் அவர் கண்ணை மூடினார்.

மூடிய பிறகுதான் விற்க ஆரம்பித்தது. 1928-ல் சர்க்கார் அவருடைய பாட்டுப் புத்தகங்களைத் தடை செய்து பறிமுதல் செய்து, ஒரு பதிப்பாளர் கனவிலும் காண முடியாத விளம்பரத்தைச் செலவில்லாமல் செய்து கொடுத்தது. சட்டசபையில் சத்தியமூர்த்தி எழுந்து முழங்கினார். குடும்பமோ வறுமையில் இருந்தது. எழுத்துரிமை விலையாகி, பாரதியின் மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி விசுவநாதன் கைக்குப் போய்ச் சேர்ந்தது. பாட்டை ஒலிபரப்பவும் தட்டில் பதியவும் உள்ள உரிமை தனியாகக் கழன்று, யாரிடம் போனது தெரியுமா? சூரஜ்மல் என்ற வைர வியாபார நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவரிடம். வைரத் தோடு, மூக்குத்தி, அட்டிகை, நடுவில் ‘சுதந்திரத் தாகம்’. அவரிடமிருந்து அதை வாங்கியவர் ஏவி. மெய்யப்பச் செட்டியார். செட்டியார் சினிமாவுக்கு முன்னால் சரஸ்வதி ஸ்டோர்ஸில் இசைத்தட்டு விற்றுத் தேர்ந்தவர். எது வைரம் என்று நகைக்கடைக்காரரைக் காட்டிலும் அவருக்குத் தெரிந்திருந்தது.

1947 ஜனவரியில் ‘நாம் இருவர்’ வந்தது. டி.கே. பட்டம்மாள் பாட, குமாரி கமலா ஆட, சுதந்திரம் கிடைத்துவிட்டதாகவே கொண்டாடும் பாரதி பாட்டு அதில் இருந்தது. உண்மையில் சுதந்திரம் வர இன்னும் ஏழு மாதம் பாக்கி. படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. நாடு விடுதலை ஆனது. பாரதி ஆகவில்லை. அவர் ஏவி.எம்.மின் இரும்புப் பெட்டியில் இருந்தார்.

அடுத்த வருடம் டி.கே.எஸ். சகோதரர்கள் ‘பில்ஹணன்’ எடுத்தார்கள். நாடக மேடையில் பாரதி பாட்டைப் பாடிப் பாடித் தழும்பேறியவர்கள். சினிமாவிலும் ஒன்றைப் பாடிவிட்டார்கள். செட்டியாரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. சட்டப்படி செட்டியார் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. காசு கொடுத்து வாங்கிய பொருள், ரசீது இருக்கிறது. ஆனால் டி.கே. சண்முகம் நாடகக்காரர். கோர்ட்டில் பதில் சொல்வதைக் காட்டிலும் ஊரில் பதில் சொல்வது தனக்கு நன்றாக வரும் என்று அறிந்தவர். பாரதி தனிச் சொத்தா, நாட்டுச் சொத்தா என்று கிளப்பிவிட்டார்.

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. எழுத்தாளர்கள் ‘பாரதி விடுதலைக் கழகம்’ வைத்தார்கள். உயிரோடு இருந்தபோது பாரதி சிறைக்குப் போன சமயத்தில் கழகம் வைக்காதவர்கள், செத்து இருபத்தேழு வருடம் கழித்து அவருக்கு விடுதலை கேட்டுக் கூட்டம் போட்டார்கள். நாரண துரைக்கண்ணன் போன்றவர்கள் சண்முகத்தோடு சேர்ந்து ஊர் ஊராகப் பேசினார்கள். இந்தக் கூட்டங்களில் கேட்கப்பட்டது என்ன என்று யோசித்துப் பாருங்கள். பாட்டு எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும், அதுவும் சட்டப்படி கிடைக்க வேண்டும். கெல்லிவில்லில் ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு கம்ப்யூட்டர் என்ஜினீயர் தேடுபெட்டியில் தட்டுகிற அதே கோரிக்கை. அவர்கள் மாலை போட்டு மைக் வைத்துக் கேட்டார்கள்.

சென்னை மாகாணத்தின் பிரதமர் என்று அப்போது அழைக்கப்பட்ட ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் விவசாயி. தண்ணீர் யாருக்கு என்ற தகராறெல்லாம் பார்த்தவர். ஏவி.எம்.மிடம் உரிமையைக் கேட்டார்கள். செட்டியார் காசு வேண்டாம் என்று கொடுத்துவிட்டார். இதைத் தியாகம் என்பவர்கள் உண்டு. ஊரே எதிராக நிற்கும்போது கொடுப்பதுதான் லாபம் என்று கணக்குப் போட்டார் என்பவர்களும் உண்டு. நல்ல வியாபாரிக்கு இரண்டும் ஒன்றாக வரும் என்பது என் எண்ணம். 1949 மார்ச்சில் கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார் சட்டசபையில் அறிவித்தார். விசுவநாதனுக்கு 15,000 ரூபாய். பாரதியின் மனைவி செல்லம்மாளுக்கும் இரண்டு மகள்களுக்கும் தலைக்கு 5,000. மொத்தம் 30,000 ரூபாய்க்குப் பாரதி முழுவதும் கிரயம். அன்றைய தமிழர் எண்ணிக்கையால் வகுத்தால் ஆளுக்கு ஒரு தம்பிடிகூட விழாது. 1955-ல் சர்க்கார், யார் வேண்டுமானாலும் அச்சடியுங்கள், பாடுங்கள் என்று கதவைத் திறந்தும் விட்டது. ஒரு கவிஞனின் எழுத்துரிமையை அரசாங்கம் வாங்கி ஜனங்களுக்கே விட்ட கதை உலகத்தில் வேறெங்கும் நடந்ததில்லை என்கிறார் இதைத் தோண்டித் துருவிப் புத்தகமே எழுதிய ஆ.இரா. வேங்கடாசலபதி. மகாத்மா காந்திக்கு நடக்கவில்லை, தாகூருக்கு நடக்கவில்லை. தாகூருக்கு நேர்மாறாக நடந்தது. அவருடைய உரிமை காலாவதியாகப் போகிறதென்று 1992-ல் 50 வருடத்தை 60 ஆக்கி இந்தியா முழுவதற்கும் பூட்டுப் போட்டார்கள்.

“அப்படியானால் ஹார்டு டிஸ்கில் இருப்பது எல்லாம் பாரதி பாட்டா?” என்று அந்தப் பெண் கேட்டாள். இந்தக் காலத்துப் பள்ளிக்கூடங்களில் குறுக்கு விசாரணையும் சொல்லிக் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது.

அடுத்த யுகம் வானொலி. 1952-ல் டில்லியில் பி.வி. கேஸ்கர் என்றொரு மந்திரி வந்தார். சினிமாப் பாட்டு மக்களைக் கெடுக்கிறது என்று அகில இந்திய வானொலியில் அதை ஒடுக்கினார். மக்கள் கெடுவதற்கு இலங்கை வானொலியைத் திருப்பினார்கள். கடல் தாண்டி அறிவிப்பாளர் மயில்வாகனனும், பிறகு கே.எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் நம் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். எல்லாம் சட்டப்படி, எல்லாம் இலவசம். செலவைப் பற்பசைக் கம்பெனியும் தலைவலி மாத்திரையும் பார்த்துக்கொண்டன. 1957-ல் டில்லி தோல்வியை ஒப்புக்கொண்டு விவித பாரதியைத் தொடங்கியது.

கேசட் காலம் வந்ததும் நாம் முதல் முறையாகப் பாட்டுக்குக் காசு கொடுத்தோம். ஆனால் தப்பான ஆளிடம் கொடுத்தோம். தெருமுனை ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்தால், காலி டி.டி.கே.யில் பதிந்து தருவார். இசையமைப்பாளருக்குப் பைசா போகாது, கடைக்காரர் பையன் என்ஜினீயரிங் படிப்பான். தொண்ணூறு நிமிட கேசட்டில் ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டும் இரண்டாவது சரணத்தில் அறுந்து போகும். அந்தப் பாட்டுகள் அங்கேயே முடிவதாக நம்பிக்கொண்டிருக்கும் ஒரு தலைமுறை இன்றும் சிட்னியில் வேலை பார்க்கிறது.

ஆஸ்திரேலியாவும் அப்போது இதே குழப்பத்தில்தான் இருந்தது. வீட்டில் நகல் எடுப்பதைத் தடுக்க முடியாது, காலி கேசட்டுக்கு ஒரு சிறு கட்டணம் போட்டுப் பாடகர்களுக்குக் கொடுத்துவிட்டு நகலைச் சட்டபூர்வம் ஆக்கிவிடலாம் என்று 1989-ல் சட்டம் போட்டார்கள். கேசட் தயாரிப்பாளர்கள் வழக்குப் போட, 1993-ல் உயர் நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்ற கணக்கில், இது கட்டணம் அல்ல, வரி, அதைப் போட்ட முறை செல்லாது என்று தள்ளியது. ஒரே ஒரு நீதிபதி மறுபக்கம் சாய்ந்திருந்தால் நம் கராஜ்கள் பாதி சுத்தமாகியிருக்கும்.

பிறகு இணையம் வந்தது. டயல்-அப் மோடத்தில் ஒரு பாட்டு இறங்கக் கால் மணி நேரம். தொண்ணூற்றெட்டு சதவீதம் வந்திருக்கும்போது திருச்சியிலிருந்து அத்தை போன் செய்வார். அத்தையையும் பாட்டையும் ஒரே லைனில் வைத்திருக்க முடியாது. பல குடும்பங்களில் அந்தக் காலத்தில் அத்தைதான் தோற்றார்.

அந்த யுகத்தின் தலைநகரம் சாட்சாத் சிட்னி என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. கஸா என்று ஒரு மென்பொருள். உலகம் முழுக்க அதில்தான் பாட்டை அள்ளினார்கள். எழுதியவர்கள் எஸ்தோனியாக்காரர்கள். எழுத வைத்தவர்கள் ஸ்வீடன்காரர் ஒருவரும் டென்மார்க்காரர் ஒருவரும். கம்பெனி ஆம்ஸ்டர்டாமில். வழக்கு நெருக்கியதும் 2002 ஜனவரியில் கைமாற்றிவிட்டார்கள். வாங்கிய ஷார்மன் நெட்வொர்க்ஸ் பதிவானது வனுவாட்டு தீவில், ஆபீஸ் கிரிமோர்னில். கெல்லிவில்லிலிருந்து காரில் முக்கால் மணி நேரம், டிராஃபிக் மனசு வைத்தால். விற்றுவிட்டுப் போன இரண்டு பேரும் சும்மா இருக்கவில்லை, ஸ்கைப்பைத் தொடங்கினார்கள். முதலில் அத்தையின் போனை மறித்தவர்கள், பிறகு அத்தையின் முகத்தையே கொண்டுவந்து காட்டிப் பிராயச்சித்தம் செய்துகொண்டார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

கஸாவில் தமிழ்ப் பாட்டுத் தேடுவது தனிக் கலை. இளையராஜாவை எத்தனை விதமாக ஆங்கிலத்தில் எழுதலாமோ அத்தனை விதமாகவும் தேட வேண்டும். ‘ஜானகி’ என்று போட்டிருந்தால் சித்ரா பாடுவார். ‘சித்ரா’ என்று போட்டிருந்தால் வைரஸ் வரும். 2004 பிப்ரவரியில் இசைக் கம்பெனிகள் நீதிமன்ற உத்தரவோடு கிரிமோர்ன் ஆபீஸிலும் அதிகாரிகள் வீட்டிலும் சில பல்கலைக்கழகங்களிலும் புகுந்து சோதனை போட்டன. 2005 செப்டம்பர் 5-ல் நீதிபதி வில்காக்ஸ் தீர்ப்புச் சொன்னார். கம்பெனியின் வாதம், ‘காப்பிரைட்டை மீறாதீர்கள் என்று எச்சரிக்கை போட்டிருந்தோமே’ என்பது. ஒரு பக்கம் அந்த எச்சரிக்கை, மறு பக்கம் புரட்சியில் சேர வாருங்கள் என்று இளவட்டங்களுக்கு அழைப்பு. ‘புகை பிடிக்காதீர்’ பலகையை மாட்டி, அதன் நிழலிலேயே பீடிக்கடை போட்ட கதை. நீதிபதி மசியவில்லை. அந்த டிசம்பரில் ஆஸ்திரேலியாவிலிருந்து யாரும் கஸாவை இறக்கக்கூடாது என்று கம்பெனியே வாசலை அடைத்தது. உலகத்துக்கெல்லாம் விருந்து வைத்த ஊரில் உள்ளூர்க்காரனுக்குப் பந்தியில் இடமில்லை. மறு வருடம் 10 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் கொடுத்து சமாதானம் ஆனார்கள்.

அதே 2005-ல் இன்னொரு வழக்கு. கூப்பர் என்பவர் ‘எம்பி3கள் இலவசம்’ என்று பொருள்படும் பெயரில் ஒரு தளம் நடத்தினார். பாட்டு எதையும் அவர் வைத்திருக்கவில்லை. எங்கே கிடைக்கும் என்று சுட்டி மட்டும் கொடுத்தார். வழிதானே காட்டினேன் என்றார். வழி காட்டியதே தப்பு என்றது நீதிமன்றம். விளம்பரத்துக்கு ஈடாக அவருக்கு ஓசியில் இடம் கொடுத்த இணைய சேவை நிறுவனமும் சேர்ந்து மாட்டியது. இலவசமாகக் கொடுத்ததற்கு இலவசமாகக் கிடைத்த பலன். இதைச் சொல்லும்போது, வாட்ஸாப்பில் சுட்டி அனுப்பும் இரண்டு அப்பாக்கள் கோழியை இன்னொரு முறை புரட்டினார்கள்.

ஆனால் சட்டம் மட்டும் என்ன யோக்கியம்? கடையில் சி.டி. வாங்கி, ரசீதும் வாங்கி, அதை உங்கள் ஐபாடில் ஏற்றினால் ஆஸ்திரேலியாவில் 2006 டிசம்பர் வரை அது சட்டவிரோதம். ஐபாட் 2001-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது. ஐட்யூன்ஸ் கடை இங்கே திறந்தது 2005 அக்டோபரில். நடுவில் நாலு வருடம், அந்தப் பெட்டியில் கடைப் பாட்டை எப்படி ஏற்றினாலும் குற்றம். டி.வி. நிகழ்ச்சியை வி.சி.ஆரில் பதிந்து மறுநாள் பார்ப்பதும் அதுவரை குற்றம்தான். கிரிக்கெட் பதிந்த ஒவ்வொரு வெள்ளைக்காரக் குடும்பமும் ஹியூ கெல்லியின் வாரிசு. 2006 திருத்தம் இரண்டையும் அனுமதித்தது, ஒரு நிபந்தனையோடு. சி.டி.யை விற்றால், உங்களிடம் இருக்கும் நகல் திருட்டு நகலாகிவிடும். அதனால் வைத்திருக்க வேண்டும். கெல்லிவில்லில் காரைத் தெருவில் நிறுத்திவிட்டு கராஜில் சி.டி. அட்டைப் பெட்டிகளைக் குடிவைத்திருப்பவர்களை மனைவிமார்கள் திட்டுகிறார்கள். திட்டு வாங்கும் அவர்கள்தான் சட்டத்தை மதிக்கும் குடிமக்கள். பக்கத்து ரவுஸ் ஹில்லில் வினிகர் ஹில் நினைவு நூலகம் இருக்கிறது. 1804-ல் ஐரிஷ் கைதிகள் கலகம் செய்த சண்டையின் பெயரைத் தாங்கிய நூலகம். எந்த நூலகத்தில் சி.டி. எடுத்தாலும் கேட்கலாம், திருப்பிக் கொடுக்கலாம், நகல் எடுக்கக்கூடாது. கலகக்காரர்களின் பெயரில் கட்டடம் வைக்கலாம், கலகம் வைத்துக்கொள்ளக்கூடாது.

“சரி, சட்டப்படி இலவசமாக இறக்கிக்கொள்ள ஒன்றுமே இல்லையா?” என்றாள். பொங்கல் விழா வீடியோவுக்குப் பின்னணி இசை தேட வேண்டிய பொறுப்பு அவள் தலையில் விழுந்திருக்கிறதாம். கேள்வியின் காரணம் அப்போதுதான் வெளியே வந்தது.

இருக்கிறது. ஏராளமாகவே இருக்கிறது. நாம் தேடுகிற இடத்தில்தான் இல்லை. போன மாதம் வந்த படத்தின் பாட்டு இலவசமாகக் கிடைத்தால் அதில் ஏதோ ஒரு கோளாறு நிச்சயம். நூறு வருடத்துக்கு முந்தைய தட்டு கிடைத்தால் பெரும்பாலும் கோளாறில்லை. விக்ரம் சம்பத் தொடங்கிய இந்திய இசை ஆவணக் காப்பகம் பழைய கிராமபோன் தட்டுகளைத் தூசு தட்டி இணையத்தில் வைத்திருக்கிறது. சங்கீதப்ரியா என்ற தளத்தில் கர்நாடக ரசிகர்கள் காலங்காலமாகச் சேர்த்த கச்சேரிப் பதிவுகளைப் பகிர்ந்துகொள்கிறார்கள். கடையில் விற்பதில் கை வைக்காதே, இங்கே எடுத்ததை விற்காதே என்பது அவர்கள் விதி. மைலாப்பூர் ஆர்கே அரங்கில் பதிந்த கச்சேரிகளை ‘சரகா’ என்ற தொகுப்பாக, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், வியாபாரத்துக்கு இல்லாமல் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று கொடுத்திருப்பது யார் தெரியுமா? பார்சலோனாவில் இருக்கும் பொம்பெயு ஃபாப்ரா பல்கலைக்கழகம். அதில் பல கச்சேரிகளுக்கு வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம் எல்லாம் தனித்தனித் தடங்களில் இருக்கின்றன. வித்வானை அணைத்துவிட்டு மிருதங்கத்தை மட்டும் கேட்கலாம். சபாக்களில் பலருக்கு நெடுநாளாக இருந்த ஆசை. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் வந்ததே 2002 டிசம்பரில்தான். பாடியவரே முன்வந்து, எடுத்துக்கொள், என் பெயரைச் சொல், மற்றதை இந்த நிபந்தனைப்படி செய் என்று எழுதிக் கொடுக்கிற ஏற்பாடு. ஓமந்தூராரும் வேண்டாம், வக்கீல் நோட்டீஸும் வேண்டாம்.

“பாரதி பாட்டு இலவசம் என்றீர்களே, அதையே போட்டுவிடுகிறேன்” என்றாள். இங்கேதான் சட்டம் தன் நகைச்சுவை உணர்ச்சியைக் காட்டுகிறது.

ஒரு பாட்டில் மூன்று பூட்டு. சொல்லுக்கு ஒன்று, மெட்டுக்கு ஒன்று, பதிவுக்கு ஒன்று. 1944-ல் வந்த ‘ஹரிதாஸ்’ பாட்டை எடுத்துக்கொள். எம்.கே. தியாகராஜ பாகவதரின் அந்தக் குரல்பதிவுக்கு இந்தியாவில் 60 வருடம் கெடு, எப்போதோ முடிந்துவிட்டது. ஆஸ்திரேலியாவிலும் 1955-க்கு முன் வெளியான பதிவுக்குப் பூட்டு இல்லை. ஆனால் சொல் பாபநாசம் சிவனுடையது. அவர் 1973-ல் காலமானார். எழுதியவர் மறைந்து இந்தியாவில் 60 வருடம், ஆஸ்திரேலியாவில் 70 வருடம். பாகவதர் குரல் வெளியே வந்துவிட்டது, அவர் பாடுகிற வார்த்தை இந்தியாவில் 2033 வரை, இங்கே 2043 வரை உள்ளே. பாகவதருக்கு இது புதிதல்ல. ‘ஹரிதாஸ்’ மூன்று தீபாவளி கண்டு ஓடிய காலத்தில் பெரும்பகுதி அவரே லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் உள்ளே இருந்தார்.

இப்போது ‘கப்பலோட்டிய தமிழன்’. 1961. பாட்டெல்லாம் பாரதி, சொல் பூரண விடுதலை. மெட்டு ஜி. ராமநாதன், 1963-ல் காலமானார். இந்தியக் கணக்கில் பதிவு 2021-ல் முடிந்தது, மெட்டு 2023-ல் முடிந்தது. ஆகவே சென்னையில் அந்தப் பாட்டு இன்று சொல், மெட்டு, பதிவு மூன்றும் இலவசம், முழுக்கச் சட்டப்படி. மீனம்பாக்கத்தில் போனில் இறக்கிக்கொண்டு விமானம் ஏறினால் நீ குற்றமற்றவள். சிட்னியில் சக்கரம் தரையைத் தொட்டதும் ஆஸ்திரேலியக் கணக்கு ஆரம்பிக்கும். பதிவுக்கு 2031 வரை பூட்டு, மெட்டுக்கு 2033 வரை. ஊறுகாய் இருக்கிறதா, மரச்சாமான் இருக்கிறதா, காலில் பண்ணை மண் ஒட்டியிருக்கிறதா என்றெல்லாம் பயணிகள் அட்டையில் கேட்பார்கள். சீர்காழி கோவிந்தராஜன் இருக்கிறாரா என்று மட்டும் கேட்க மாட்டார்கள்.

அவள் போனில் காலண்டரைத் திறந்து 2034 வரை தள்ளிக்கொண்டே போனாள். ஜனவரி 1 ஞாயிற்றுக்கிழமை வருகிறதாம். பொங்கல் விழாவை அந்த வருடத்துக்குத் தள்ளி வைக்க முடியுமா என்று சங்கச் செயலாளரிடம் கேட்கப் போனாள். அவர் கோழி புரட்டிக்கொண்டிருந்தார்.